அடியில் எஞ்சியது

ஒன்பதாம் வகுப்பு மாணவியரிடம் ‘என் பாட்டி’ எனும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தேன். மறுநாள் வகுப்பிலேயே குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் அமரும் ஒரு சிறுமியின் குறிப்பேட்டில் நான்காவது வரியில் என் பேனா நின்றது. தன் பாட்டி வேலை செய்யும் வீடுகளிலிருந்து நெய்யின் ‘ட்ரெக்ஸை’ வீட்டுக்குக் கொண்டுவருவார் என்று அவள் எழுதியிருந்தாள். அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். “இது சாப்பிடுகிற பொருளுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை, கழிவுக்குச் சொல்வது” என்று, வகுப்பு முழுவதும் கேட்கும்படிச் சொன்னேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்பித்திருந்தேன். அவற்றுள் ஒன்று, சமூகத்தின் அடிமட்டக் கசடர்கள் என்று மனிதரை இகழ்வதற்கு ஆங்கிலேயர் வழங்கும் தொடர். அதிலும் இதே ‘ட்ரெக்ஸ்’ எனும் சொல்தான் வருகிறது. நினைவாற்றல் மிக்க இரண்டு மாணவியர் அத்தொடரை உடனே உரக்கச் சொல்லிச் சிரித்தனர், வகுப்பும் சிரித்தது. அச்சிறுமி ஒன்றும் பேசவில்லை. குறிப்பேட்டை வாங்கி, மூடி, மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மாலையில் மற்றவர்களுடைய குறிப்பேடுகளோடு அதையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அச்சிறுமி அந்தச் சொல்லைத் தானாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. நெய் காய்ச்சும்போது சட்டியின் அடியில் பழுப்பாகப் படிவதை நம் வீடுகளில் கசண்டு என்கிறோம். தமிழ் அகராதியைப் புரட்டினால் கசண்டு என்பதற்கு வண்டல் என்று பொருள் இருக்கும். வண்டலுக்கு ஆங்கிலம் தேடினால் ‘ட்ரெக்ஸ்’ வந்து நிற்கும். அவள் அகராதி காட்டிய வழியில் பிழையின்றி நடந்திருக்கிறாள். அப்படியானால் பிழை எங்கே இருக்கிறது என்று அறிய, இஷாவுக்குப் பின் நானும் அகராதிகளோடு அமர்ந்தேன்.

பாத்திரத்தின் அடியில் எஞ்சுவதற்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் இருப்பதை இருபது ஆண்டுகள் அம்மொழியைக் கற்பித்தும் நான் ஒருங்கே பார்த்ததில்லை. பானத்தின் அடியில் தங்கும் மண்டி ‘ட்ரெக்ஸ்’. இது வடதேசத்தவரின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். திராட்சை மது நொதித்து முடிந்தபின் மடிந்து படியும் ஈஸ்ட் முதலானவை ‘லீஸ்’. இது பிரெஞ்சு வழியாக வந்தது. காபி வடித்தபின் மிஞ்சும் சக்கை ‘கிரவுண்ட்ஸ்’. காபிக்கொட்டையை அரைப்பதால் அப்பெயர் வந்தது என்றே நான் மாணவியருக்குச் சொல்லிவந்தேன், அது தவறு. ‘கிரவுண்ட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அடித்தளம் என்றும் பொருளுண்டு. அடியில் தங்குவதால் அது ‘கிரவுண்ட்ஸ்’. காபி இங்கிலாந்தை எட்டிப் பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே அச்சொல் மண்டியைக் குறித்துவந்திருக்கிறது.

குவளையில் குடிக்காமல் விட்ட கடைசி மிடறுக்கு ‘ஹீல்டாப்’ என்று ஒரு பெயர். செருப்பின் குதிகாலில் அடுக்கித் தைக்கும் தோலுக்குரிய பெயர் அது. பின்னர் அது பானத்துக்கும் ஆகிவிட்டது. மேசையில் சிந்திய, தட்டில் விட்ட உணவுத் துணுக்குகள் ‘ஆர்ட்ஸ்’. கலைகளைக் குறிக்கும் சொல்லன்று, எழுத்து வேறு. ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் கையாண்ட அச்சொல் இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ரொட்டியின் கடைசித் துண்டு ‘ஹீல்’. வெந்நீர்க் கெண்டியின் உட்புறம் வெள்ளையாய்ப் படியும் சுண்ணாம்புப் படிவு பிரித்தானியர் பேச்சில் ‘ஃபர்’, அதாவது விலங்கின் மென்மயிர். நம் கடலோரக் கிணற்று நீரைக் காய்ச்சும் வீடுகளில் அதைத் தினமும் பார்க்கலாம். பீப்பாயில் நீர்மம் குறைந்து மேலே உண்டாகும் வெற்றிடத்துக்குக்கூட ‘அல்லேஜ்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

இவற்றுள் பல மதுச்சாலையில் பிறந்தவை. மதுவோடு நமக்குத் தொடர்பில்லை. ஆயினும் ஒரு மொழியைக் கற்பிப்பவள் அதன் சொற்கள் பிறந்த இடத்தை அறிந்திருக்கத்தான் வேண்டும். இடத்தைக் குறிக்கப் பிறந்த இச்சொற்கள் பிறகு இகழ்ச்சிக்கு ஆளான விதம்தான் என்னைத் தடுத்து நிறுத்தியது. அடியில் கிடப்பது என்ற பொருள், தாழ்ந்தது என்றாகி, தாழ்ந்த மனிதர் என்றும் ஆகிவிட்டது. இலத்தீனில் ‘ஃபேக்ஸ்’ என்றால் மதுவின் அடிமண்டி. அதன் பன்மையே ‘ஃபேசீஸ்’. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது மண்டியையே குறித்தது. இன்று மருத்துவமனைகளில் மலத்துக்கு அதுதான் பெயர். ஒரு குவளையின் அடியிலிருந்து புறப்பட்ட சொல் எங்கே போய்ச் சேர்ந்துவிட்டது!

ஆங்கிலத்தை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. தமிழிலும் எஞ்சு என்னும் ஒரே வேரிலிருந்துதான் எச்சமும் எச்சிலும் வந்தன. எச்சம் என்றால் ஒருவர் விட்டுச்சென்ற பிள்ளைகள், புகழ். பறவையின் கழிவும் எச்சம்தான். எச்சிலோ வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. கசடு என்பதைக் கல்விக்கு ஆகாத குற்றமாகத் திருக்குறளின் 391-ஆம் குறள் சொல்கிறது. அதே நூலின் 85-ஆம் குறள், விருந்தினரை முதலில் உண்பித்து மிச்சிலைத் தான் உண்பவனை உயர்த்திப் பேசுகிறது. எஞ்சியதை யார், யாருக்காக, எதற்குப் பின் உண்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு மதிப்பு அமைகிறது போலும்.

இந்த இடத்தில் என் உம்மும்மாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது.

எங்கள் வீட்டில் வெண்ணெய் சேர்ந்ததும் உம்மும்மா நெய் காய்ச்சுவார்கள். வெண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி நீர். சிறிதளவே பாலின் திடப்பொருள். அடுப்பில் வைத்ததும் நீர் சடசடவென்று ஆவியாகிப் போகும். சத்தம் அடங்கும் வேளையில் பாலின் புரதமும் சர்க்கரையும் அடியில் இறங்கி, பொன்னிறமாகிப் பின் பழுப்பாகும். நெய்க்கு மணம் தருவது அந்தப் பழுப்புதான். அந்நேரத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரையைப் போட்டு இறக்குவார்கள். நெய்யை வடித்தபின் மொறுமொறுத்த கீரையோடு கசண்டு சட்டியில் ஒட்டிக் கிடக்கும். உம்மும்மா அதில் சூடான சோற்றைப் போட்டு, ஓர் உப்புக்கல் சேர்த்துப் பிசைந்து, சட்டியை வழித்து, எங்கள் உள்ளங்கைகளில் ஆளுக்கோர் உருண்டை வைப்பார்கள். நெய்யைவிட அதற்குத்தான் எங்களுக்குள் போட்டி. கடைசியில் விரலால் சட்டியைத் துடைத்து, அந்த விரலைத் தாம் சுவைப்பார்கள். “அடியிலதான்டி பரக்கத்து இருக்கும்” என்பது அவர்களுடைய வழக்கமான சொல்.

நான் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள், உடன் படிக்கும் தோழியர் இருவர் வீட்டுக்கு வந்திருந்தனர். சாப்பாடு முடிந்ததும் உம்மும்மா தம் தட்டை வழித்து உண்டுவிட்டு, தட்டில் சிறிது நீரூற்றிக் கலக்கி அதையும் குடித்தார்கள். தோழியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்கள் போனபின் நான் உம்மும்மாவிடம், “பிச்சைக்காரங்க மாதிரி எதுக்கு வழிக்கிறீங்க? வீட்டில சோத்துக்கா பஞ்சம்?” என்று கேட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. “சரிம்மா” என்றார்கள். அதற்குப் பிறகு என் தோழியர் வரும் நாள்களில், தமக்குப் பசியில்லை என்று சொல்லிப் பின்னால் தனியாக உண்டார்கள். அதை நான் நெடுநாள் கழித்தே உணர்ந்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய கடைசி நோயில் கஞ்சி ஊட்டும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பேச்சு குறைந்துவிட்டிருந்தது. பாதிக் கிண்ணம் ஊட்டி முடித்து நான் எழுந்தபோதெல்லாம் அவர்கள் கண்களால் கிண்ணத்தின் அடியைக் காட்டுவார்கள். கரண்டியால் வழித்து அந்தக் கடைசித் துளியை வாயில் வைத்த பிறகுதான் உதடுகள் அசையும். அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் அவை அசைந்தன என்பது எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கப் பலமுறை நினைத்தேன், கேட்கவில்லை.

உம்மும்மா சொன்னது அவர்களுடைய சொந்தச் சொல்லன்று என்பதை வாசகர்கள் அறிவீர்கள். உணவு உண்டபின் விரல்களையும் தட்டையும் வழித்து உண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை உண்பவர் அறியமாட்டார் என்று அதற்குக் காரணம் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியுள்ளன. கீழே விழுந்த கவளத்தைக்கூட அதிலுள்ள அழுக்கை அகற்றிவிட்டு உண்ணுமாறு அதே இடத்தில் சொல்லப்படுகிறது. அடியில் இருப்பதுதான் சிறந்தது என்று அந்த நபிமொழி சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் கவளத்திலும் பரக்கத் இருக்கலாம், கடைசித் துளியிலும் இருக்கலாம்; நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை இகழ்ந்து ஒதுக்காதே என்பதே அதன் பாடம்.

ஸஹீஹ் புகாரியில் இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. பசியால் வாடிய அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் ஒரு கிண்ணப் பாலைக் காட்டி, திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்துவரச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். இந்தப் பால் இத்தனை பேருக்கு எப்படிப் போதும், எனக்கு என்ன மிஞ்சும் என்று அபூஹுரைராவின் மனம் கலங்கியது. எல்லாரும் வயிறாரக் குடித்தனர். அபூஹுரைராவும் இனி இடமில்லை என்னும் அளவுக்குக் குடித்தார். இறுதியாக நபி (ஸல்) அவர்கள் கிண்ணத்தை வாங்கி, அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவன் பெயரைச் சொல்லி, எஞ்சியதைப் பருகினார்கள். அந்த எஞ்சியதற்கு நபிமொழியின் மூலத்தில் உள்ள அரபுச் சொல் ‘ஃபழ்லா’.

அச்சொல்லை அன்றிரவு மீண்டும் ஒருமுறை பார்த்தேன். பள்ளிவாசலிலிருந்து வெளியேறும்போது ஓதும் துஆவில் அல்லாஹ்விடம் நாம் எதைக் கேட்கிறோம்? அவனுடைய ‘ஃபழ்லை’, அதாவது அருட்கொடையை. இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே. தேவைக்கு மேல் மிஞ்சுவது அருள். பாத்திரத்தில் மிஞ்சுவதும் அதே சொல்லின் கிளை. இன்றைய அரபியில் அதே வேரிலிருந்து கழிவைக் குறிக்கும் சொல்லும் வழங்குகிறது. ஆகவே எந்த மொழியும் தூயதன்று. எஞ்சியதை அருளென்று சொல்வதா, கழிவென்று சொல்வதா என்பது அதைப் பார்ப்பவரின் கையில் இருக்கிறது.

அப்போதுதான் அந்தச் சிறுமியின் குறிப்பேட்டை மறுபடியும் எடுத்தேன். வகுப்பில் நான் நான்காவது வரியோடு நிறுத்திவிட்டிருந்தேன். அதற்குக் கீழே இன்னும் பத்து வரிகள் இருந்தன. அவளுடைய பாட்டி சில வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். நெய் காய்ச்சும் நாளில் அவ்வீட்டார் கசண்டுச் சட்டியை அவரிடம் தந்துவிடுகின்றனர். அவர் அதை வழித்து ஒரு சிறு டப்பாவில் போட்டு, கொஞ்சம் வெல்லம் பொடித்துச் சேர்த்து, பேத்திக்காக எடுத்துவருகிறார். தமக்கு வேண்டாம், வேலை செய்த வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்கிறார். பேத்தி உண்டு முடித்ததும் டப்பாவை ஒரு விரலால் துடைத்து நாவில் வைத்துக்கொள்கிறார். “அவர் அங்கே சாப்பிட்டிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்” என்ற பொருள்பட ஒரு வாக்கியம். இலக்கணப் பிழைகள் இரண்டு இருந்தன. நான் வட்டமிட்டது அவற்றையன்று.

ஒரு சொல்லில் நின்றுவிட்டு எஞ்சியதை வாசிக்காமல் விட்டேன். அவள் தன் வீட்டின் மிக இனிய பொருளைப் பற்றி எழுதியிருந்தாள். நான் அதைக் கழிவு என்று முப்பத்தெட்டுப் பேர் முன்னிலையில் அறிவித்தேன். உம்மும்மாவிடம் சொன்னதையே மீண்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டு நெகிழ்ந்துகொண்டிருப்பது சரியாகாது. தன் தட்டைத் தானே வழித்து உண்பது சுன்னத். தான் விட்டதைப் பிறர் கையில் தருவது வேறு விஷயம். அல்லாஹ்வின் பாதையில் செலவிடும்போது, பிறர் தந்தால் நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்னும்படியான மட்டமான பொருளைத் தேடிக் கொடுக்கவேண்டாம் என்ற கருத்தைக் குர்ஆனின் 2-ஆம் அத்தியாயம் 267-ஆம் வசனம் தருகிறது. வேலைக்கு வரும் மூதாட்டிக்குச் சட்டியின் அடியைத் தருகிறோம். ஒரு கரண்டி நெய்யை ஏன் தருவதில்லை? என் வீட்டிலும் ஒருவர் பாத்திரம் துலக்குகிறார். அவருக்கு இதுவரை நான் எதைக் கொடுத்துவந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்தப் பட்டியல் எனக்குப் பெருமை தருவதாக இல்லை.

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன் அச்சிறுமியை ஆசிரியர் அறைக்கு அழைத்தேன்.

“டீச்சர், வேற வார்த்தை தேடிப் பார்த்தேன். கிடைக்கல” என்றாள், நான் கேட்கும் முன்பே.

“நீ தேட வேண்டாம்மா. நேத்து நான் உன் கட்டுரையை முழுசா வாசிக்காமலே பேசிட்டேன். ராத்திரிதான் வாசிச்சேன். தப்பு என்னோடது.”

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, “அப்ப இங்கிலீஷ்ல அதுக்கு என்ன டீச்சர்?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நெய் வடித்தபின் எஞ்சும் பாலின் திடப்பொருள் என்று சுற்றி வளைத்துச் சொல்லலாம். அறிவியல் பாடத்துக்கு அது போதும், பாட்டியின் டப்பாவுக்குப் போதாது. ஆனால் ஆங்கிலமே இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. இறைச்சியை வதக்கிய சட்டியின் அடியில் ஒட்டும் சுவையான பழுப்புக்கு அம்மொழியில் தக்க சொல் இல்லாததால், அடித்தளம் என்று பொருள்படும் ‘ஃபோன்’ எனும் பிரெஞ்சுச் சொல்லைச் சமையற்கலைஞர்கள் கடன் வாங்கிக்கொண்டனர். பானையின் அடியில் மொறுமொறுப்பாகும் சோற்றை ஈரானியர் ‘தஹ்தீக்’ என்கின்றனர். பானையின் அடி என்பதே அதன் பொருள். விருந்தினருக்கு அதைத்தான் பெருமையோடு படைக்கின்றனர். ஸ்பெயினில் பயேயாவின் அடிச்சோற்றுக்குச் ‘சொக்கராத்’ என்று பெயர். இச்சொற்களை ஆங்கிலச் சமையல் நூல்கள் மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுகின்றன. இகழ்ச்சி கலவாத சொல் தன்னிடம் இல்லையென்றால் உரியவரிடமே வாங்கிக்கொள்வது ஒரு மொழிக்கு இழிவாகாது.

“கசண்டுன்னே எழுது. கீழே ஒரு வரியில அது எப்படி வருதுன்னு விளக்கு. வாசிக்கிறவங்க தெரிஞ்சுக்குவாங்க” என்றேன்.

“மார்க் குறைக்க மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

வகுப்பில் நிகழ்ந்த தவறை வகுப்பில்தான் திருத்தவேண்டும். கட்டுரையை வாசித்துக் காட்டலாமா என்று அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் வீட்டுச் செய்தி அவளுடையது. அதை நான் எடுத்துப் பேசவில்லை. நேற்று நான் சொன்னது தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு, கரும்பலகையில் அத்தனை சொற்களையும் எழுதி, ஒவ்வொன்றும் பிறந்த இடத்தையும் சொன்னேன். மனிதரைக் கசடர் என்று அழைக்கும் அந்தத் தொடரைப் பொருள் புரிந்துகொள்ளக் கற்கலாம், பயன்படுத்தக் கற்கவேண்டாம் என்றேன். பிறகு, உங்கள் வீடுகளில் சட்டியின் அடியில் எஞ்சுவதற்கு என்னென்ன பெயர்கள் என்று கேட்டேன். காந்தல், சக்கை, மண்டி, கசண்டு என்று குரல்கள் எழுந்தன. நேற்றுச் சிரித்தவர்களுள் ஒருத்தி, தனக்கும் தம்பிக்கும் கசண்டுச் சோற்றுக்காக நடக்கும் சண்டையைச் சொன்னாள். பின்வரிசையில் அச்சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் திருத்திய கட்டுரை வந்தது. நான்காவது வரியில் ஆங்கில எழுத்துகளில் கசண்டு என்று எழுதியிருந்தாள். அடுத்த வரியின் விளக்கத்தை அவளுடைய சொற்களிலேயே தமிழில் தருகிறேன்: “நெய் போன பிறகு சட்டி தன்னிடம் வைத்துக்கொள்வது.” நான் கற்பித்த எந்தச் சொல்லும் அதற்கு ஈடாகாது.

உம்மும்மாவிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பை இனி அவர்களுக்காக ஓதும் துஆவில்தான் சேர்க்க முடியும். என் மகன் தட்டில் நாலு பருக்கை விட்டு எழும்போது அவனை இப்போது அதட்டுவதில்லை. என் தட்டை அவன் பார்க்கும்படி வழித்து உண்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமை நெய் காய்ச்சினேன். வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒரு கிண்ணம் நெய்யைத் தனியே எடுத்து வைத்தேன். கசண்டை எங்கள் வீட்டாரே உண்டோம்.

அல்லாஹ் நம் உணவிலும் நம் நாவிலும் பரக்கத் செய்வானாக.